300 பிரதிப் புத்தகம்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

"அண்ணாச்சி, எங்கப்பா எழுதின நோட்டு ஒண்ணு கிடக்கு, புத்தகமாப் போடணும்." மஞ்சள் பையில் நோட்டைச் சுற்றிக்கொண்டு இப்படிச் சொல்லி வருகிறவர்களுக்காகவே நெல்லைப் பக்கம் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். ஊர் வரலாறு, குடும்ப நினைவுகள், கவிதை, இந்த மூன்றுதான். பெரும்பாலும் 300 பிரதி, சில சமயம் 100.

இந்த மாதிரிப் புத்தகத்துக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. ராஜராஜனைப் பற்றி ஒரு புத்தகத்தில் தப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு நூறு புத்தகம் உண்டு. உங்கள் ஊர்க் குளத்துக்கு மடை கட்டியவர் யார் என்பதற்கு நீங்கள் போடும் புத்தகம் ஒன்றுதான் சாட்சி. அதில் ஆண்டு தப்பாக விழுந்தால், இன்னும் இரண்டு தலைமுறைக்கு அந்தத் தப்பான ஆண்டைத்தான் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் எழுதுவார்கள். அதனால்தான் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

கோளாறு கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அச்சில் உடைந்த எழுத்து தட்டச்சிலேயே உடைந்திருக்கும். அட்டைப்படத்தில் மங்கிய முகம் வாட்ஸப்பில் மங்கியிருக்கும். கீழே ஒவ்வொன்றிலும் முதலில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரிகிறது

கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி என்று ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். 1999இல் டேம், டேப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2010இல், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் டிடிபி (கணினித் தட்டச்சு) கடைகளில் இன்றைக்கும் பழையது புழங்குகிறது. அங்கே பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

செய்ய வேண்டியது: முதலில் அடித்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதிலிருந்து நகலெடுத்தால் எழுத்து வரிசை குலைந்து வரும். எழுத்துருவின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அப்புறம் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் ஒரே ஒரு பத்தியைப் போட்டுப் பாருங்கள். அது சரியாக வந்தால் மட்டும் முழுக் கோப்பையும் மாற்றுங்கள். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் பத்தியை ஒவ்வொரு முறையிலும் மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான், பத்து நிமிட வேலை.

மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குழப்பமாக மாறியிருக்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகியிருக்கும். ஸ்ரீ, க்ஷ போன்றவை காணாமல் போயிருக்கும். குடும்ப வரலாற்றில் ஸ்ரீ தொலைந்தால் பாதிப் பெயர்கள் தொலைந்த மாதிரி.

தமிழ் தெரிகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன

வேர்டில் 'கொடி' சரியாக இருக்கும். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். இது எழுத்துருக் கோளாறு என்று நினைத்து நாலு எழுத்துரு மாற்றிப் பார்ப்பார்கள். காரணம் அதுவல்ல. பத்தி அமைப்பில் அடோபி வேர்ல்டு-ரெடி பேராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு பத்திக்கும் கையால் மாற்றாதீர்கள். அடிப்படைப் பத்தி நடையிலேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒட்டும் ஒவ்வொரு படக்குறிப்பிலும் கோளாறு திரும்ப வரும். படக்குறிப்புகளை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை என்பதால் அது அச்சுவரை போய்விடும்.

திரையில் சரியாக இருந்து அச்சகத்தில் மட்டும் உடைகிறதா? திறந்த கோப்பை அனுப்பியிருப்பீர்கள். எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் அனுப்புங்கள். அட்டையில் இருக்கும் எழுத்தை மட்டும் உருவக்கோடாக (அவுட்லைன்) மாற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

இது பெயர்ச்சுட்டி தயாரிக்கும்போது தலைவலியாக வரும். ஔவையார் என்பதில் முதல் எழுத்தை 'ஔ' என்ற ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம். 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்தாகவும் அடித்திருப்பார்கள். பார்வைக்குப் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுதான். மௌனம் என்பதும் அப்படியே: ஔகாரக் குறி போடுவதற்குப் பதில் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரம். கவிதைப் புத்தகத்தில் மௌனம் அடிக்கடி வரும் சொல். மின்னூலில் வாசகர் அதைத் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. கௌரி, சௌந்தரம், பௌர்ணமி என்று நீங்களே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு 'தேடி மாற்று' கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒட்டுமொத்தமாக எல்லா 'ஒள'வையும் 'ஔ' ஆக்கிவிடாதீர்கள். 'ஒளி' என்பதிலும் முதலில் அந்த இரண்டு எழுத்துதான், அதுவும் சேர்ந்து உடைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக எடுத்தால் இது பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

தாத்தாவின் நோட்டில் இருக்கும் குறிகள் வெறும் கட்டமாக வருகின்றன

கணக்குப் பிள்ளையாகவோ கடை வைத்தோ இருந்தவர்களின் நோட்டில் ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், நாளுக்கான குறிகளும், ௰, ௱, ௲ என்ற எண்களும் சாதாரணமாக இருக்கும். இவை யூனிகோடில் இருக்கின்றன. முக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் சேர்ந்தன, அதனால் பல எழுத்துருக்களில் அவை கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் வரிசையை முயன்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் நோட்டின் அந்தப் பக்கத்தையே படமாகப் போட்டு, பக்கத்தில் சொல்லாக எழுதுங்கள். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுவது மட்டும் வேண்டாம். அவர் எப்படிக் கணக்கு வைத்தார் என்பதும் வரலாறுதான்.

படி எடுக்கும்போது இன்னொன்று. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வரும் முன்பு லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த குறியோடும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் எழுதப்பட்டன. இளைஞர்கள் படி எடுத்தால் இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடுகிறார்கள். படி எடுக்க உட்காரும் முன்பே பழைய எழுத்து, புதிய எழுத்து இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் முன்னால் ஒட்டிவிடுங்கள்.

ஒரே ஆளின் பிறந்த ஆண்டு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது

குடும்ப நினைவு நூல்களில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது இதுதான். பிடிக்கவும் வேண்டும்.

ஒரு குடும்பம் கொண்டுவந்த நோட்டில் பெரியவர் "தாது வருஷம் ஆவணியில் பிறந்தேன்" என்று எழுதியிருந்தார். தாது வருஷப் பஞ்சம் என்றால் எல்லாருக்கும் தெரியும், 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சம். யாரோ இணையத்தில் பார்த்துவிட்டு, பிறந்த ஆண்டு 1876 என்று தட்டச்சுப் பிரதியில் போட்டுவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழோ 1935 ஜூன் 1 என்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட அறுபது வருடம்.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது 1876இல் வந்தது, 1936இல் வந்தது, 1996இல் வந்தது. ஆகவே பிறந்தது 1936 ஆவணி. அப்படியானால் சான்றிதழ்? அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்றால் வாத்தியாரே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுக்கொள்வார். ஜூன் 1 என்று பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இருந்தாலும் ஊகத்தில் விட மனம் வரவில்லை. வீட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய அப்பாவின் செலவுக் கணக்கு நோட்டு பரணிலிருந்து வந்தது. ஓரம் கறையான் தின்ற ஒரு பக்கத்தில் "1112 ஆவணி, பையன் பிறந்த வகையில்" என்று எழுதி, மருத்துவச்சிக்கு ஒரு ரூபாய், எண்ணெய்க்கு மூன்றணா. எங்கள் பக்கத்தில், கேரளத்தில் இருப்பதுபோல, கொல்லம் ஆண்டுதான் புழக்கம். 1112 ஆவணி என்றால் 1936 ஆகஸ்டு, செப்டம்பர். முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பக்கத்தையே நூலின் முதல் படமாகப் போட்டோம்.

ஆங்கில ஆண்டாக மாற்றும் கணக்கு இதுதான்:

கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆவணி முதல் மார்கழி நடுவரை. 825 கூட்டினால் மீதி மாதங்கள்.

பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஜூலை முதல் டிசம்பர். 591 கூட்டினால் ஜனவரி முதல் ஜூன். நிலப் பத்திரம், அடங்கல், கிஸ்து ரசீது எல்லாம் பசலியில் இருக்கும்.

சக ஆண்டோடு 78. தை, மாசி, பங்குனி என்றால் 79.

தமிழ் ஆண்டுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. தாது வருஷம் தை மாதம் என்றால் அது 1936 இல்லை, 1937.

நூலில் போடும்போது மாற்றிய ஆண்டை மட்டும் போடாதீர்கள். "தாது ஆவணி (1936)" என்று மூலத்தில் இருப்பதையும் சேர்த்துப் போடுங்கள். நீங்கள் மாற்றியதில் தப்பு இருந்தால் அடுத்து வருகிறவர் கண்டுபிடிக்க அதுதான் வழி.

நினைவுகளில் காலம் கலங்குவது வேறு வகையிலும் நடக்கும். 1950இல் இருபத்தைந்து பைசாவுக்குக் காப்பி குடித்ததாக எழுதியிருந்தால் கேளுங்கள்: நாலணா என்றுதானே சொல்லியிருப்பார்? நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1இல். 1940இல் "கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு" என்று இருந்தால், அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், தென்காசி 2019இல். பெரியவர் சொன்ன வாக்கியத்தைத் திருத்த வேண்டாம், அது அவருடைய வாக்கியம். அடிக்குறிப்பில் போடுங்கள்.

"எங்கள் கோயில் ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழமை" என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆதாரம் கேட்டால் சுவரைக் காட்டுகிறார்கள்

சுவரில் கல்வெட்டு இருந்தால் நல்லதுதான். ஆனால் கல்வெட்டில் கிறிஸ்து ஆண்டு இருக்காது, பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அவன் பட்டமேறிய 907லிருந்து கணக்கிட்டுத்தான் 919, 921 என்கிறோம். அங்கே எந்த அரசன் என்று தெளிவாகத் தெரியும். உங்கள் ஊர்க் கல்வெட்டில் வெறும் "கோப்பரகேசரி வன்மர்க்கு யாண்டு 5" என்று மட்டும் இருக்கலாம். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். பரகேசரி என்று பல அரசர்கள் உண்டு. எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்) பார்த்துக் காலம் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் நூற்றாண்டு போடக் கூடாது.

முதலில் அந்தக் கல்வெட்டைத் தொல்லியல் துறை ஏற்கெனவே படியெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகத் தேடலாம். கிடைத்தால் அறிக்கை ஆண்டையும் எண்ணையும் நூலில் கொடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் புதிதாக ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அப்போது சுண்ணாம்பு, மைதா, பொடி எதையும் கல்லில் பூசாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து தானே எழும்பித் தெரியும்.

செவிவழிச் செய்தியை நீக்கச் சொல்லவில்லை. "ஊரில் சொல்வது" என்று பெயர் கொடுத்து அதற்கான இடத்தில் வையுங்கள். பத்து ஊர் வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கங்கள் அவைதான்.

படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வருகிறது

வாட்ஸப்பில் வந்த படம். அனுப்பியவரிடம் ஆவணமாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேரில் போய் ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 900 பிக்சல் அகலப் படம் மூன்று அங்குலம்தான் தாங்கும். ஒரு அங்குலப் பாஸ்போர்ட் படத்தை நாலு அங்குலமாகப் பெரிதாக்க வேண்டுமானால் 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்ய வேண்டும். சட்டம் போட்ட படத்தைக் கண்ணாடியோடு செல்போனில் எடுத்தால் டியூப்லைட்டும் எடுத்தவரின் நிழலும் சேர்ந்து வரும். பின்பக்க ஆணியைக் கழற்றி எடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேனரில் வைத்துவிடுங்கள்.

திரையில் தெளிவாக இருந்து அச்சில் முகம் கறுத்துப்போனால், காரணம் தாள். மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாள் மையை உறிஞ்சிப் புள்ளிகளைப் பெரிதாக்கும். நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளுக்க வைத்து அனுப்புங்கள். படம் நிறைய இருந்தால் எட்டுப் பக்கம் ஆர்ட் பேப்பரில் தனியாக அச்சடித்து நடுவில் சேர்ப்பது நல்லது.

படத்தில் இருப்பவர்களின் வரிசை தப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள்

இதில் நான் ஒருமுறை சூடு பட்டேன். கல்யாணப் படம் ஒன்று. "இடமிருந்து வலம்" என்று ஏழு பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுக்க இருந்தோம். கடைசி மெய்ப்பை வீட்டில் இருந்த ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது நான்தான். ஆனா முந்தானை ஏன் வலது தோள்ல கிடக்கு?" என்றார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருந்தார்கள். படம் முழுக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறியிருந்தது. பெயர் வரிசை ஏழும் தலைகீழ்.

அன்றிலிருந்து நெகட்டிவிலிருந்து வந்த படம் என்றால் மூன்று பார்க்கிறேன். முந்தானை எந்தத் தோளில்? (கட்டும் முறை வேறாக உள்ள சமூகங்கள் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆண்கள் சட்டையின் பொத்தான் பட்டி எந்தப் பக்கம்? பின்னால் கடைப் பெயர்ப்பலகையோ நாட்காட்டியோ தெரிந்தால் எழுத்து நேராக இருக்கிறதா?

பெயர் கேட்கும்போது படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து உருவங்களின் வெளிக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டுவிடுங்கள். இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் வேறு பெயர் சொன்னால் "தெரியவில்லை" என்றே போடுங்கள். இந்த வேலையை முதலில் செய்யுங்கள், தட்டச்சு அப்புறம் ஆகட்டும். நோட்டு காத்திருக்கும். ஆச்சிக்கு வயது 88.

கவிதை வரி பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது

கவிஞர் ஏ4 தாளில் எழுதியதை டெமி என்ற சிறிய புத்தக அளவுப் பக்கத்தில் கொட்டினால் இதுதான் நடக்கும். எழுத்தைச் சுருக்கித் தீர்க்காதீர்கள். ஒரு கவிதை 11 புள்ளியிலும் அடுத்தது 9 புள்ளியிலும் இருந்தால் புத்தகம் தடுமாறும். முழுத் தொகுப்பிலும் மிக நீளமான வரி எது என்று தேடி, அது அடங்கும் அளவை எல்லாவற்றுக்கும் வையுங்கள். அப்படியும் அடங்காத ஒன்றிரண்டு வரியை உள்தள்ளி மடித்துப் போடுங்கள், இது வரியின் தொடர்ச்சிதான் என்று வாசகருக்குப் புரியும். மரபுக் கவிதை என்றால் சீர் நடுவில் மடிக்கவே கூடாது. பக்கம் மாறும்போது கண்ணி நடுவில் முறியாமல் பாருங்கள். இடைவெளி விட்டது கவிஞரா தட்டச்சரா என்று ஒவ்வொரு கவிதைக்கும் கேட்டு உறுதி செய்யுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

உரைநடையில் வரும் சிக்கல் வேறு. இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அடுக்கினால் சொற்களுக்கு நடுவே ஓடை ஓடும். தமிழ்ச் சொற்கள் நீளம். மொழியைத் தமிழ் என்று குறித்துச் சொல்லுடைப்பை அனுமதியுங்கள். ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியும் தொடங்கக் கூடாது. 'அவர்க' என்று முடிந்து 'ள்' என்று அடுத்த வரி தொடங்கினால் வாசகருக்குக் கல்லில் கால் இடறினாற்போல் இருக்கும்.

பக்கக் கணக்கு இடிக்கிறது

டெமி 1/8 என்றால் ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்து வருவது, 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். 131 பக்கம் என்றால் 144க்கான செலவு. மூன்று பக்கத்தைக் குறைத்து 128 ஆக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் மிச்சத்தில் குடும்ப மரத்தைப் போடுங்கள். 160 பக்கம், 300 பிரதி என்றால் 10 ஃபாரம், 3,000 தாள், 6 ரீம், அதோடு கழிவு. டிஜிட்டலில் போட்டால் இந்தக் கட்டு தளர்வு. 100 பிரதிக்கு அதுதான் சரி.

பக்கங்கள் கழன்று வருகின்றன, அல்லது நடுவில் எழுத்து உள்ளே போய் மறைகிறது

உள் ஓரத்துக்கு 20 மில்லிமீட்டராவது விடுங்கள். கழன்று வருவதற்குப் பசையை மட்டும் குறை சொல்லாதீர்கள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் எந்தப் பசையும் நாளடைவில் விடும். தாளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் பக்கம்தான் நாரின் திசை. வீட்டில் தலைமுறை தலைமுறையாக எடுத்துப் புரட்டப்போகும் புத்தகம் என்றால் செக்‌ஷன் தையல் (ஃபாரம் ஃபாரமாக நூலால் தைப்பது) போடச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதுகின் அகலத்தை அதே தாளில் வெறும் டம்மி கட்டி அளந்த பிறகே அட்டையை முடியுங்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் சித்தப்பா "போடாதே" என்கிறார்

பெரும்பாலும் கோபம் உள்ளடக்கத்தின் மேல் இருக்காது, தன்னைக் கேட்கவில்லையே என்பதில்தான் இருக்கும். அதனால் கைப்பிரதி முடிந்தவுடனே, சொந்தக்காரர்கள் பெயர் வரும் பக்கங்களை மட்டும் நகலெடுத்து அவரவர் வீட்டில் கொடுத்து, பதினைந்து நாள் பொறுங்கள்.

சட்டப்படியும் சில விஷயம் உண்டு. இறந்தவரைப் பற்றியதுதானே என்று விட முடியாது. குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு இறந்தவர் மேல் பழி சொன்னாலும் அது அவதூறாகலாம் என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு சொல்கிறது. சொத்துத் தகராறு பற்றி எழுதினால் தீர்ப்பில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். கடிதங்களைப் பொறுத்தவரை, தாள் உங்கள் வீட்டில் இருந்தாலும் எழுத்துரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். பதிப்புரிமை பொதுவாக எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டுகள். அப்பாவுக்கு அவர் நண்பர் எழுதிய கடிதத்தைப் போட வேண்டுமானால் நண்பரின் பிள்ளைகளிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாரதியார் பாடல்களுக்கு அந்தக் கவலை இல்லை, 1949இலேயே நாட்டுடைமை ஆனவை.

ஐஎஸ்பிஎன், பார்கோடு

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் சர்வதேச அடையாள எண். அதை விலைக்கு வாங்காதீர்கள். புது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்திய எண்கள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். பார்கோடு கடையில் வாசிக்கவில்லையா? முதல் 12 இலக்கத்தை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் 13ஆம் இலக்கம். பொருந்தவில்லை என்றால் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். பொருந்தினால் நிறத்தைப் பாருங்கள்: சிவப்புக் கோடுகளைச் சிவப்பு ஒளி வாசிக்காது. வெள்ளைமேல் கறுப்பாகப் போடுங்கள்.

வெளியீட்டு விழா முடிந்தது, கட்டு பிரிக்காமல் கிடக்கிறது

அடுத்த முறை அச்சுக்கு முன் ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதுங்கள்: யார் யார் கண்டிப்பாக வாங்குவார்கள், யாருக்கு நீங்கள் கொடுப்பீர்கள். அந்த எண்ணிக்கையோடு ஒரு ஐம்பது சேர்த்து அடியுங்கள், போதும். கிடக்கும் கட்டுக்கு வழி: ஊர் வரலாறு என்றால் கோயில் கொடை நாளில் ஒரு மேசை போடுங்கள். வெளியூர் போனவர்கள் எல்லாரும் வரும் நாள் அது. கவிதை என்றால் பள்ளி, கல்லூரித் தமிழ்த் துறைகள்.

இதோடு நான்கு பிரதி மறக்கவே கூடாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. வீட்டில் வெள்ளம் வரலாம், கறையான் வரலாம். கன்னிமாராவில் ஒன்று இருந்தால் அது இருக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பிழை கண்ணில் படுகிறது

படும். சிறு பிழை என்றால் விடுங்கள். பெயர், ஆண்டு, உறவுமுறை தப்பாக இருந்தால் விடாதீர்கள். பக்க எண், வரி எண் போட்டுத் திருத்தச் சீட்டு அச்சடித்து, முதல் பக்கத்தில் ஓரம் மட்டும் பசை வைத்து ஒட்டுங்கள். செருகி வைத்தால் விழுந்துவிடும். ஏற்கெனவே போன பிரதிகளுக்குத் தபாலில் அனுப்புங்கள். நாங்கள் ஒருமுறை மூத்த மகளின் பெயர் விட்டுப்போன ஒரு புத்தகத்துக்கு 212 வீட்டுக்குச் சீட்டு அனுப்பினோம். நூலகங்களுக்கு நேரில் போய் ஒட்டினோம். அந்த அம்மா தன் பிரதியைக் கொண்டுவந்து, "எனக்கு நீங்களே ஒட்டிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திருத்தத்தை அன்றைக்கே மூலக் கோப்பிலும் செய்து, கோப்பின் பெயரில் தேதி போட்டு, பிடிஎஃபும் யூனிகோடு உரையும் எழுத்துருவும் சேர்த்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அந்த வீட்டில்.